பிரேக்கில் இருந்த கால்

இடது காலில் ஷூ சுலபமாக ஏறிவிட்டது. வலது கால்தான் மசியவில்லை. கூடத்துத் தரையில் உட்கார்ந்து, அப்பாவின் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, மகள் மூன்றாவது தடவையாக முயன்றாள். எதையோ மிதித்துக்கொண்டு, விடமாட்டேன் என்பதுபோல அந்தப் பாதம் கீழ்நோக்கி விறைத்திருந்தது.

"விடு, அப்படியே இருக்கட்டும்" என்றாள் அம்மா. அவர் உயிரோடிருந்தபோது பிடித்த பிடிவாதங்களுக்கும் அவள் சொன்னது இதைத்தான்.

முப்பது வருஷம் லாரி ஓட்டிய மனிதர். வீட்டில் தூங்கும்போதுகூட அந்தக் கால் கட்டிலை உதைக்கும். "வண்டி நின்னாச்சு, தூங்குங்க" என்று அம்மா தட்டிக்கொடுப்பாள்.

நேற்று விடியற்காலையில், சரக்குக் கிடங்கின் வாசலில், வரிசையில் நின்ற வண்டிக்குள்ளேயே அவர் மூச்சு அடங்கிவிட்டது. பத்தொன்பது மணி நேரம் காத்திருந்தாராம். அதற்கெல்லாம் கூலி கிடையாது. சக்கரம் உருண்டால்தான் காசு. நின்றுவிட்டால் நீ யாரோ, கம்பெனி யாரோ.

அந்தக் கம்பெனியின் மேனேஜர்தான் இப்போது உள்ளே வந்தார். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. கண் கலங்கித்தான் இருந்தது. அடக்கச் செலவைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி, கையெழுத்துக்காக ஒரு தாளை நீட்டினார். அம்மா கண்ணாடியைத் தேட, மகள் வாங்கிப் படித்தாள். 'வண்டியை நிறுத்தி ஓய்வில் இருந்தபோது இறந்தார்.'

"வேலையில இருந்தப்போன்னு எழுதினா என்ன ஆகும் சார்?"

மேனேஜர் தரையைப் பார்த்தார். "அப்ப நஷ்டஈடு வரும்மா. ஆனா சக்கரம் ஓடலையே."

நஷ்டஈடு வந்தால் தங்கை படிப்பை நிறுத்த வேண்டாம். அம்மா இந்த வீட்டைக் காலி செய்ய வேண்டாம். மகள் தாளை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள்.

அங்கே நின்ற டிரைவர்களில் ஒருவருக்கு ஒத்தைஹாரன் என்று பெயர். அவர் வண்டியின் இரண்டு ஹாரனில் ஒன்றுதான் வேலை செய்யும்; அவர் குரலும் பாதிதான் வெளியே வரும். வரிசையில் அப்பாவுக்குப் பின்னால் நின்றவர் அவர். மகள் அவரை உள்ளே கூப்பிட்டு, என்ன பார்த்தீர்கள் சித்தப்பா என்று கேட்டாள்.

அவர் மெல்ல விளக்கினார். கிடங்கின் வாசல் சரிவான பாதை. வரிசை எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. கைபிரேக்கைப் போட்டு விளக்கணைத்துப் படுத்தவனை மற்றவர்கள் முந்திக்கொண்டு போகலாம் என்பது டிரைவர்களுக்குள் ஒரு வழக்கம். தன் முறையை விட்டுக்கொடுக்க மனமில்லாதவன் காலைப் பிரேக்கில் வைத்தபடியே உட்கார்ந்திருப்பான்.

"முன்னாடி வண்டி போயிடுச்சு பாப்பா. அண்ணன் வண்டி நகரல. பிரேக் லைட்டு மட்டும் செவப்பா எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. போய்க் கதவைத் தொறந்தா இன்ஜின் ஓடுது, கால் பிரேக்குல இருக்கு. கைபிரேக்கை நான்தான் இழுத்தேன்."

மகள் அந்த வலது காலைப் பார்த்தாள். மேனேஜரும் பார்த்தார்.

அவள் பேனாவை வாங்கி, 'வண்டியை நிறுத்தி ஓய்வில்' என்பதை அடித்தாள். அதற்கு மேலே, 'வரிசையில், பிரேக்கில் கால் வைத்து, வேலையில்' என்று எழுதினாள். அம்மா கையெழுத்துப் போட்டாள். அடுத்து ஒத்தைஹாரன். பிறகு வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பதினான்கு பேர், அன்றைய ஓட்டத்தையும் கூலியையும் விட்டுவிட்டு வந்தவர்கள்.

நேரமாகிறது என்று மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"காத்திருங்க சார்" என்றார் ஒத்தைஹாரன். "ஓய்வுதானே."

யாரோ சிரிப்பை விழுங்கினார்கள். அம்மாவின் உதட்டோரமும் லேசாக அசைந்தது.

கடைசி ஆளும் போட்டு முடித்தபின் மேனேஜர் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு அவரும் பேனாவைக் கேட்டு, எல்லாருக்கும் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

"மேல என்ன சொல்வாங்களோ தெரியாதும்மா. அனுப்பறது இதைத்தான்."

அவர் தாளை மடிப்பதற்குள் மகள் அதைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டாள்.

தூக்கும் நேரம் வந்தது. நாலு பேர் குனிந்தபோது, கொஞ்சம் இருங்கள் என்று சொல்லி அவள் மறுபடி ஷூவை எடுத்தாள். கணுக்கால் அவள் கைக்குள் மெதுவாகத் தளர்ந்து கொடுத்தது. ஷூ ஏறியது.

அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்தக் காலை இரண்டு தரம் தட்டினாள்.

"வண்டி நின்னாச்சு" என்றாள்.

மகள் ஷூக்கயிற்றை இரட்டை முடிச்சாகக் கட்டினாள்.