பாஸ்டன் பார்ட்டி

எங்கள் குடோனில் பார்ட்டி என்றால் சரக்கு வாங்குகிறவர். சேலம் பார்ட்டி, பொள்ளாச்சி பார்ட்டி, இப்போது கொஞ்ச நாளாக அமெரிக்கா பார்ட்டி. வால்பாறையிலிருந்து வரும் டீத்தூளைச் சலித்து, கலந்து, துடியலூரிலிருந்து அனுப்புகிறோம். நான் மூட்டை தூக்குகிறவன். என் சம்சாரம் சின்னத்தாயி தூளின் மேல் காந்தம் ஓட்டி இரும்புப் பொடியை எடுக்கிறவள். தூளில் இரும்பு இருந்தது என்று புகார் வந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பது அவளைத்தான்.

அன்றைக்கு முதலாளி மகள் லோகப்பிரியா போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

"பாஸ்டன் டீ பார்ட்டி தெரியாதா? வரி கட்ட முடியாதுன்னு அத்தனை டீயையும் கடல்ல கொட்டிப்போட்டாங்க. இந்தியன் வேஷம் போட்டுட்டுப் போயிக் கொட்டினாங்க. பூராவும் சைனா டீ."

என்னைப் பார்த்ததும் குரலைக் குறைத்த மாதிரி இருந்தது.

எங்கள் அமெரிக்கா பார்ட்டிக்குக் கடை பாஸ்டனில்தான். அமெரிக்கா போட்ட வரியால் பக்கத்து வீட்டுக்காரன் திருப்பூர் பனியன் கம்பெனி வேலையை விட்டு வந்து உட்கார்ந்திருக்கிறான். இங்கேயோ சீன எழுத்துப் போட்ட மரப்பெட்டிகள் வந்து இறங்கியிருந்தன. நம் தூளை சைனா தூள் என்று விற்று, பிடிபட்டு, சரக்கு கடலுக்குப் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். அந்த வாரமே காந்த மேசைக்கு மேலே கேமரா மாட்டினார்கள். பழி போட ஆள் பார்க்கிறார்கள், வேறென்ன?

சின்னத்தாயி நேராகப் போய்க் கேட்டுவிடலாம் என்றாள். நான் விடவில்லை. அவளை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, முதலாளி பாலுசாமியிடம் அவளுக்குக் காய்ச்சல் என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். மறுநாள் காந்த மேசையில், தூள் சலிக்கிற பழனியாத்தாள் உட்கார்ந்திருந்தாள். அதற்கடுத்த வாரமும் அவள்தான் உட்கார்ந்திருந்தாள். இப்படியே போனால் சின்னத்தாயிக்கு வேலையே போய்விடும் போலிருந்தது. லோகப்பிரியாவைத் தனியாகப் பிடித்தேன்.

"ஏனுங்க அம்மணி, அந்த பாஸ்டன் பார்ட்டி நம்ம சரக்கக் கொட்டினதுக்குச் சின்னத்தாயி மேலயா பழிங்க?"

முதலில் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் மூட்டை மேலேயே உட்கார்ந்து சிரித்தார். அது நடந்து இருநூற்றைம்பது வருசத்துக்கு மேலாகிறதாம். அமெரிக்கா அப்போது வெள்ளைக்காரன் கையில் இருந்ததாம். வெள்ளைக்காரக் கம்பெனி சீனாவில் வாங்கி அனுப்பிய டீயைத்தான் ஊர்க்காரர்கள் கடலில் கொட்டினார்களாம். அந்தக் கதைக்குத்தான் 'டீ பார்ட்டி' என்று பேராம். இந்தியன் என்றது நம்மை இல்லையாம், அந்த நாட்டுப் பூர்வகுடிகளையாம்.

"சொதந்திரம் வாங்கினதும் அவங்களே கப்பல் உட்டு, ஏதோ மருந்து வேரைக் குடுத்து, சைனால டீ வாங்கிட்டு வந்தாங்கண்ணா."

"அப்ப டீ மேல கோவமில்லீங்களா?"

"வரி மேலதானுங்கண்ணா."

பெட்டிகள் அந்தக் கதை மாதிரி ஜோடித்து பாஸ்டன் கடையில் விற்கவாம், கேமரா தூளைச் சுத்தம் பண்ணுவதை அந்தப் பார்ட்டிக்குக் காட்டவாம். அடியில் வால்பாறைத் தூள் என்று போட்டிருப்பதைக் காட்டினார். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. பாதிதான் நம்பினேன்.

மறுநாள் சின்னத்தாயியைக் கூட்டிக்கொண்டு போனேன். முதலாளி காய்ச்சல் எப்படி என்று கேட்டார். அவளுக்குப் பொய் சொல்ல வராது.

"காய்ச்சலெல்லாம் இல்லீங்க. பழி வந்துருமுன்னு இவருதானுங்க என்னைய நிறுத்திப்போட்டாரு."

முதலாளி சிரிக்கவில்லை. "தப்பு பண்ணாதவிங்க எதுக்குப் பயப்படோணும்?" என்று மெதுவாகக் கேட்டார். பிறகு, அவள் கடைசியாகக் காந்தம் ஓட்டிக் கட்டி வைத்த மூட்டைகளில் ஒன்றைப் பிரிக்கச் சொன்னார்.

நான்தான் இறக்கிப் பிரித்தேன். மேசையில் தூளைப் பரப்பினோம். சின்னத்தாயி காந்தத்தை ஓட்டி, வெள்ளைத் தாளில் துடைத்தாள். முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். நானும் குனிந்தேன்.

தாளில் ஒன்றும் இல்லை. "செரி, உக்காரு" என்றார் முதலாளி. பழனியாத்தாள் எழுந்து இடம் விட்டாள்.

மூட்டையைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தபோது சின்னத்தாயி என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"மொதலாளி பாக்கறாரு, செரி. நீங்க எதுக்குங்க குனிஞ்சு பாத்தீங்க?"