முன்னால் போன பாய்

முதல் நாள் ஓட்டத்தில் ராஜுவின் படகு முதலாவதாக எல்லைக் கொடியைக் கடந்தபோது, இரண்டாவதாக வந்துகொண்டிருந்த பத்துமலைக்குக் கரையிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "அப்படித்தான்டா, அப்படித்தான்!" அது தனக்கல்ல என்று அவனுக்குத் தெரியும். அப்பா மாயாண்டி உரக்கப் பேசுகிறவரே இல்லை. மலாயாவில், சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டத்தின் மோட்டார் படகை ஓட்டுகிறவர். ரப்பர் கட்டுகளை லுமுட் துறையில் இறக்கிவிட்டு வந்தால் வீட்டிலும் தலையசைப்புதான் பேச்சு. பத்துமலை முதன்முதலாகத் தனியாகப் பாய் விரித்து ஆற்றுமுகத்தைத் தாண்டிய நாளில்கூட, "கயித்த நனைய விடாதே" என்று மட்டும்தான் சொன்னார்.

ராஜு அவருடைய தங்கை மகன். ஈப்போ நகரத்துச் சிலிபின் பகுதியில் தாயும் தகப்பனும் ஒரே மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட, மாயாண்டி போய் அவனைக் கூட்டிவந்தார். அதுவரை கடலையே பார்த்திராதவன். படகில் ஏறியதும் குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி எடுத்தான். அவன் தலையைப் பிடித்துக்கொண்டது பத்துமலைதான். சுக்கானைப் பிடிக்கவும், பாயைக் காற்றுக்குத் திருப்பவும், காற்று வருமுன் தண்ணீர் கறுத்துச் சுருங்குவதைப் பார்க்கவும் சொல்லித் தந்தவனும் அவன்தான். அப்போது அதில் ஒரு பெருமை இருந்தது. பிறகு ஒரு சாயங்காலம், இருவரும் ஒரே படகில் திரும்பிக்கொண்டிருந்தபோது, அவன் வாய் திறப்பதற்குள் ராஜு பாயை மாற்றினான். பத்துமலை பார்க்காத காற்றை அவன் பார்த்திருந்தான். அன்றைக்குப் பத்துமலைக்குச் சோறு இறங்கவில்லை.

1926ஆம் வருஷம், துறைமுகத் திருவிழாவை ஒட்டி இருபது வயதுக்கு உட்பட்ட பையன்களுக்கு மூன்று நாள் பாய்ப்படகு ஓட்டம் வைத்தார்கள். ஆளுக்கு ஒரு சிறு படகு, ஒற்றைப் பாய். மூன்று நாளும் சேர்த்து முந்துகிறவனுக்கு வெள்ளிக் கோப்பை. மலாய்க் கம்போங் கிராமத்துப் பையன்கள், சீன மீனவர் வீட்டுப் பிள்ளைகள், தோட்டத்துக்காக இவர்கள் இருவர்.

இரண்டாம் நாள் பத்துமலை ஜெயித்தான். ராஜு இரண்டாவது. ஆக இருவரும் சமம். பத்துமலை படகை மணலில் ஏற்றிவிட்டு நிமிர்ந்தான். அப்பா அவனைக் கடந்து போய் ராஜுவின் தோளில் கை வைத்தார். "வெசனப்படாதே. நாளைக்கு இருக்குலா."

சாப்பிடும்போது அம்மா கருப்பம்மாள் மெதுவாகச் சொன்னாள்: "நீ ஜெயிச்சதுலயும் அவருக்குச் சந்தோசம்தான்யா. தாய் தகப்பன் இல்லாத புள்ள, அதான்."

"எனக்கு இருக்காங்களாம்மா?"

அவள் குழம்பை ஊற்றாமல் அகப்பையைப் பிடித்தபடியே நின்றாள்.

மூன்றாம் நாள் காலையிலிருந்தே பங்கோர் தீவுக்கு மேலே வானம் கறுத்துக் கிடந்தது. பாதி ஓட்டத்தில் மழைக்காற்று இறங்கியது. மற்றவர்கள் பாயைச் சுருக்கிக்கொண்டார்கள். ராஜு சுருக்கவில்லை, அதைப் பார்த்துப் பத்துமலையும் சுருக்கவில்லை. ஒரு படகு நீளத்துக்கு முன்னே ராஜுவின் முதுகு. நேற்று அப்பா கை வைத்த அதே தோள். 'கவிழ்ந்து போ' என்று பத்துமலை நினைத்தான். வாய்விட்டே சொன்னானோ என்னவோ, காற்றில் தெரியவில்லை.

அடுத்த வீச்சில் ராஜுவின் பாய்மரம் முறிந்தது. படகு தலைகீழாகப் புரண்டது. தண்ணீருக்கு மேலே வந்தவன் ஒரு கையால் படகின் அடிப்பலகையைப் பற்றிக்கொண்டு, மறு கையைத் தூக்கினான். பத்துமலை அவனைத் தொடுகிற தூரத்தில் போய்க்கொண்டிருந்தான். வா என்கிறானா, போ என்கிறானா? சுக்கானைக் கொஞ்சம் தள்ளினால் போதும். காவலுக்கு நின்ற மோட்டார் படகு கரையோரத்தில் இருந்தது, வந்துவிடும். போ என்றுதான் சொல்கிறான் என்று பத்துமலை முடிவு செய்துகொண்டான். திரும்பிப் பார்க்கவில்லை. தனக்கு முன்னால் யாருடைய முதுகும் இல்லாத கடல் அவனுக்குப் பிடித்திருந்தது.

கொடியைக் கடந்தான். ஒரே ஒரு சீழ்க்கை ஊதினார்கள். கரையில் ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லா முகமும் காவல் படகின் பக்கம் திரும்பியிருந்தது. அதில் அப்பா குதித்து ஏறிப் போயிருந்தார்.

ராஜுவைத் தன் சட்டையால் சுற்றி அணைத்தபடி அவர் இறங்கினார். அவன் நெற்றியில் மரம் அடித்து ரத்தம் வழிந்தது. கூட்டம் விலகியது. மாயாண்டி மகனைப் பார்த்தார்.

"நீ பக்கத்துலதானடா போனே?"

பத்துமலை ராஜுவின் நெற்றி ரத்தத்தைப் பார்த்தான்.

"நான்தான் மாமா," என்றான் ராஜு, பல் கிட்டிக்க. "போ மச்சான்னு நான்தான் கையக் காட்டினேன். பந்தயம்லா. நிக்கக் கூடாது."

மாயாண்டி மருமகனை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். "இப்படி ஒரு புள்ளையா," என்றார்.

பத்துமலை ராஜுவின் கண்ணுக்குள் தேடினான். அவன் சிரிக்கப் பார்த்து, குனிந்து உப்புத் தண்ணீரைக் கக்கினான். பொய் என்றால் தன்னைக் காப்பாற்றியவன் அவன். உண்மை என்றால் கோப்பையைக் கொடுத்தவனும் அவன். இரண்டில் எதுவாக இருந்தாலும் நெஞ்சு அதேபோலத்தான் எரியும் என்று தோன்றியது.

கோப்பைக்காக மேடையிலிருந்து பத்துமலையின் பெயரை யாரோ தப்பாகக் கூப்பிட்டார்கள். அவன் போகவில்லை. கரையில் குதித்த வேகத்தில் அவன் பாயை இறக்க மறந்திருந்தான். நனைந்த பாய் காற்றில் புடைத்து, ஆளில்லாத படகைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டிருந்தது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பாய்மரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான். படகு அவனையும் சேர்த்து இழுத்தது.