திங்கட்கிழமைக் குடும்பம்

அந்த வீட்டில் நல்லது கெட்டது எல்லாமே திங்கட்கிழமைதான். சலூனுக்கு அன்றுதான் விடுமுறை. கல்யாணம் நடந்தது திங்கட்கிழமை, வீடு மாறியது திங்கட்கிழமை, பல் பிடுங்கியதும் திங்கட்கிழமை. மகள்கூட அப்பாவின் மனம் கோணாமல் ஒரு திங்கட்கிழமை காலையில்தான் பிறந்தாள். ஆகவே விமான, விண்வெளி அருங்காட்சியகத்துக்கு எந்தக் கிழமை போவது என்ற கேள்வியே யாருக்கும் எழவில்லை.

ஆசை என்னவோ சலூன்காரரின் மனைவியுடையது. கடையின் பின்பாதியில், திரைக்கு அந்தப் பக்கம், பெண்களுக்கு முடி வெட்டுகிறவள் அவள். பள்ளிக்கூடத்தில் மற்றவர்களெல்லாம் டீச்சர், டாக்டர் என்று சொல்ல, இவள் மட்டும் எழுந்து நின்று பைலட் என்றாள். வகுப்பே சிரித்தது. பிறகு விமானத்தைத் தரையிலிருந்து அண்ணாந்து பார்த்ததோடு சரி. அருங்காட்சியகத்தில் ஒரு பழைய விமானம் நிற்கிறது, பைலட் சீட்டில் உட்காரவே விடுகிறார்கள், இந்த மாதத்தோடு பழுதுபார்க்க மூடிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ஏற்பாடுகள் தடபுடலாக நடந்தன. ராக்கெட்டில் பாத்ரூம் எங்கே இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள். அவள் அப்பாவுக்கோ தொழில் கவலை.

“மேல போறவங்களுக்கு யாரு முடி வெட்டுவாங்க? வெட்டின முடி கீழயே விழாதே, மிதந்துகிட்டே இருக்குமே! அதைக் கேக்காம நான் திரும்பி வரமாட்டேன்.”

அவருக்கு ஓட்டை வாய். நாற்காலியில் உட்கார்ந்த ஒவ்வொரு தலையிடமும் பயணத்தைப் பற்றிச் சொல்லி, தெருவுக்கே தமுக்கடித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பக்கத்துத் தெரு நாத்தனார் வந்தாள். பையும் தண்ணீர் பாட்டிலும் தயாராக இருப்பதைப் பார்த்தாள்.

“நாளைக்கா போறீங்க? திங்கட்கிழமை மியூசியம் லீவாச்சே அண்ணி! எல்லாத் திங்கட்கிழமையும் லீவுதான்.”

சலூன்காரருக்கு முகம் தொங்கிப்போனது. “அவங்களும் நம்மள மாதிரியே லீவு விடுறாங்களா?” என்றார், ஏதோ அவர்கள் காப்பியடித்துவிட்டதைப் போல.

“வர்ற சனிக்கிழமை போலாங்க. பாப்பாவுக்கும் ஸ்கூல் கிடையாது. அதுக்கப்புறம் விமானத்தை மூடிடுவாங்க” என்றாள் மனைவி.

“சனிக்கிழமையா? விளையாடுறியா? கடையைச் சாத்தினா வர்ற கூட்டமெல்லாம் எதிர்க் கடைக்குப் போயிடும். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

அடுத்த வருஷம் என்றால் அந்த வீட்டில் தலைமுழுகியாயிற்று என்று அர்த்தம். அவள் பாட்டிலை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். கடைக்கு முன்னால் தன் ஆசை என்றைக்கும் பின்வரிசைதான் என்று நினைக்க நினைக்கக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

செவ்வாய்க்கிழமை கடை திறந்ததும் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவர் தபால்காரர்.

“என்னங்க, மியூசியம் போய்ட்டு வந்தாச்சா?”

ஊரெல்லாம் சொல்லிவிட்டு இப்போது இல்லை என்று எப்படிச் சொல்வது? “போகாமலா!” என்றார் அவர், கூசாமல்.

திரைக்குப் பின்னால் துண்டு மடித்துக்கொண்டிருந்த அவள் காதைத் தீட்டிக்கொண்டாள்.

“ராக்கெட்டை அண்ணாந்து பாத்து எனக்குக் கழுத்தே பிடிச்சுக்கிச்சு. நிலாவுல இருந்து கொண்டுவந்த கல்லு இருக்கு பாருங்க, நம்ம சாணைக்கல்லு மாதிரியே இருக்கு!”

புளுகுக்கும் ஒரு அளவு வேண்டாமா? அவளுக்குச் சிரிப்புதான் வந்தது.

“வீட்டம்மா என்ன சொன்னாங்க?” என்று கேட்டார் தபால்காரர்.

கத்தரிக்கோல் சத்தம் நின்றது.

“அவளா... பைலட் சீட்ல உக்காந்தா பாருங்க. ரெண்டு கையையும் ஸ்டியரிங் மேல வச்சுகிட்டு ஒரு வார்த்தை பேசல. கண்ணு மட்டும் நிறைஞ்சுபோச்சு. கல்யாணமாகி இத்தன வருஷத்துல அவ முகத்த நான் அப்படிப் பாத்ததே இல்லீங்க.”

துண்டு அவள் கையிலேயே நின்றுவிட்டது. மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது! அவள் அந்தச் சீட்டில் எப்படி உட்காருவாள் என்பதுவரை மனசுக்குள் பார்த்து வைத்திருக்கிறார். பார்த்து வைத்துக்கொண்டும் அடுத்த வருஷம் என்றிருக்கிறார், பாவி.

“அடடா! போட்டோ எடுத்திருப்பீங்களே, காட்டுங்க” என்றார் தபால்காரர்.

அவள் திரையை விலக்கினாள். கண்ணாடிக்குள் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவருக்குக் காது மடல் சிவந்தது. இன்னொரு பொய் வருமா என்று அவள் காத்திருந்தாள். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

“போட்டோ சனிக்கிழமைதாங்க எடுக்கப்போறோம். அன்னிக்குக் கடை லீவு.”

தபால்காரர் பாதி வெட்டிய தலையோடு திரும்பினார். “அப்ப இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம்?”

“நடக்கப்போறதுங்க” என்றார் அவர், தபால்காரரைப் பார்க்காமல், அவளைப் பார்த்து.