ஸ்ட்ரெச்சரில் போட்ட துண்டு

கீழ்க்கட்டளை சிக்னலில் மொழுமொழுவென்று சவரம் செய்த முகத்தோடு வந்து நின்ற ஒருவனுக்கு, பச்சை விழுவதற்குள் மறுபடியும் தாடி முளைத்துவிட்டது. நான் பக்கத்தில் நின்று பார்த்தவன். அந்தச் சிக்னலில்தான் அன்று காலை என் மனைவி லோகநாயகி மாட்டிக்கொண்டிருந்தாள். வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சு குழறி, பக்கத்து வீட்டுச் சிட்டிபாபுவின் ஆட்டோவில்.

பொழிச்சலூரில் ஒரு டீக்கடையில் நான் சொல்வதைக் கேட்க நாலு பேர் இருந்ததால் அங்கே உட்கார்ந்திருந்தேன். சிட்டிபாபு போன் செய்தான்.

"அண்ணா, அண்ணிக்குப் பேச்சு வர்ல. வண்டில ஏத்திட்டேன். நீ நேரா தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு வந்துடு."

ஸ்கூட்டரில் நான் முதலில் போய்ச் சேர்ந்தேன். அவசரப் பிரிவில் கூட்டம். ஒரே ஒரு ஸ்ட்ரெச்சர் காலியாக இருந்தது. பஸ்ஸானாலும் பந்தியானாலும் துண்டு போட்டவனுக்குத்தான் இடம் என்பது நம் சட்டம். என் துண்டை அதன் மேல் விரித்துவிட்டு, வருகிறவர்களைப் பதிகிற மேசைக்குப் போனேன். ஜோசலின் என்று பெயர் அட்டை மாட்டிய பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"பேஷன்ட் எங்க, ஐயா?"

"பாத்ரூம் போயிருக்கும்மா. நீ வந்துட்டதா எழுதிக்க."

"எப்போ ஆரம்பிச்சுது?"

வியாதி எவ்வளவு பழையதோ அவ்வளவு மரியாதை கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். "காலைல நாலு மணிக்கே," என்றேன். அப்போது லோகநாயகி குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

ஜோசலின் நாலு என்று எழுதினாள். வந்த நேரம் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டாள்.

"அதையும் எழுதிடும்மா. துண்டு போட்டிருக்கேன் பாரு."

"துண்டுக்கு நான் டைம் போட முடியாதுங்க. ஆளு வரட்டும்."

அந்தத் துண்டை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, ஸ்ட்ரெச்சரை வேறொருவருக்கு அனுப்பினாள். நான் மனசுக்குள் அவளைத் திட்டிய திட்டுகளை இங்கே எழுதினால் காகிதம் பொத்துப்போகும்.

ஆட்டோ உள்ளே நுழைந்ததும் ஜோசலின் வாசலுக்கு எழுந்து வந்தாள். லோகநாயகியின் முகத்தைப் பார்த்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், 9.37 என்று எழுதினாள். அடுத்த நிமிடம் டாக்டர் சுப்ரஜா வந்துவிட்டார். லோகநாயகியின் முகம் அந்த மாதிரி இருந்ததால் எந்த வரிசையும் தேவைப்படவில்லை.

டாக்டர் சீட்டைப் படித்தார். அவர் முகம் மாறியது.

"நாலு மணிக்கா? மூளையில கட்டுன ரத்தத்தைக் கரைக்க ஊசி இருக்கு. நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். அது எட்டரைக்கே முடிஞ்சுபோச்சே. இதுக்கு மேல போட்டா ரத்தக்கசிவு ஆகலாம்."

என் நாக்கும் ஒரு நிமிடம் குழறியது.

"நாலு மணி பொய்ங்க, டாக்டர். சீக்கிரம் பாப்பீங்கன்னு சொன்னேன்."

"அப்போ எது நிஜம்?"

"எட்டரைக்கு மேலதான்."

"இவர் சொல்றத நம்பாதீங்க, டாக்டர்," என்றான் சிட்டிபாபு. நல்ல பையன், ஆனால் வாயில் சனி. "திருநீர்மலைப் படிக்கட்டுல ஒரு சிறுத்த இவராண்ட மணி கேட்டுச்சாம். தெருவுக்கே தெரியும். நான் அண்ணியப் பாத்தப்போ ஒம்போது மணி. அதுக்கு முன்னாடி எனக்குத் தெரியாது."

எழுபத்தொரு வருடமாகச் சேர்த்த பெயர், சரியான நேரத்தில் வட்டியோடு வந்து நின்றது. நான் உண்மையைச் சொல்கிறேன், அவளைக் காப்பாற்ற அது ஒன்றுதான் இருக்கிறது, அதை வாங்க ஆளில்லை.

ஜோசலின்தான் கேட்டாள். "காலைல அவங்க யார்கிட்டயாவது பேசினாங்களா? போன்ல எதாவது?"

நான் போனை நீட்டினேன். லோகநாயகி அனுப்பிய ஒரு வாய்ஸ் மெசேஜ், 8.41 என்று நேரம் போட்டிருந்தது. ஜோசலின் தட்டினாள்.

"இன்னாய்யா, எங்க போய்த் தொலஞ்ச? கேஸ்காரன் சிலிண்டர எறக்கி வெச்சுகினு ஓடிபி கேக்கறான். அது உன் போன்லதான கீது. நீ அங்க எவன் காதுலயோ பூ சுத்திகினு கீற. இன்னிக்கு வூட்டுக்கு வா, உனக்குச் சோறு கெடையாது."

பேச்சில் ஓர் எழுத்துகூடக் குழறவில்லை. வார்டு முழுக்கக் கேட்டது. கை கட்டோடு உட்கார்ந்திருந்த ஒருவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இவ்ளோ தெளிவாத் திட்டியிருக்காங்களே," என்றார் டாக்டர். "எட்டு நாப்பத்தொண்ணுக்கு நல்லா இருந்திருக்காங்க. வந்தது ஒம்போது முப்பத்தேழு. நேரம் இருக்கு. ஸ்கேனுக்குத் தள்ளுங்க."

ஜோசலின் நாலு மணியின் மேல் ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியான நேரத்தை எழுதிக் கையெழுத்திட்டாள்.

"நல்லா கிறுக்கி அழிச்சுடேம்மா," என்றேன்.

"அழிக்கக் கூடாதுங்க, ஐயா. தப்பு எங்க நடந்துச்சுன்னு தெரியணும்."

ஸ்கேனில் கசிவு இல்லை. பத்தேகாலுக்கு ஊசி போட்டார்கள்.

நான்காம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். லோகநாயகிக்கு வாய் நேராகிவிட்டது. பேச்சு வந்துவிட்டது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. சக்கர நாற்காலியை ஜோசலினின் மேசைப் பக்கம் தள்ளச் சொல்லிக் கையைக் காட்டினாள். நான் ஒரு நன்றியுரை தயாரித்து வைத்திருந்தேன். அதில் யானை ஒன்றும் வருவதாக இருந்தது. வாயைத் திறப்பதற்குள் லோகநாயகி என் கையைத் தட்டிவிட்டாள்.

"கண்ணு," என்றாள். நின்றாள். "நீ..." மறுபடியும் நின்றாள்.

ஜோசலின் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன்.

"நல்லா இருக்கணும்."