ஐந்து நிமிடக் கவிஞர்

டெல்மா ஒசாவமிக் தன் கவிதையை வாசித்தால் மண்டபத்தின் தரையில் தண்ணீர் ஏறும். ஐந்து நிமிடம் வாசித்தால் கம்பளம் ஈரமாகும். அரை மணி நேரம் வாசித்தால் முழங்கால் நனையும். நிறுத்தியதும் வந்த வழியே வடிந்துவிடும். ரொறொன்ரோவின் பொறியியலாளர்கள் இரண்டு தடவை வந்து பார்த்தார்கள். குழாய்க்குள் விட்டு மூடப்பட்ட ஓடைகள் நகரத்தின் அடியில் பல இருப்பதாகவும், தெரிந்த குரல் கேட்டால் அவை எழும்புவது வழமை என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். டெல்மா கனடாவின் பூர்வகுடிகளில் ஒன்றான அனிஷினாபே இனத்தவர். மூன்று கவிதைத் தொகுப்புகளும் நான்கு நாடகங்களும் எழுதியவர். நாடகங்களை எந்த அரங்கும் மேடையேற்றவில்லை. இரண்டு மணி நேரத்தில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று காப்புறுதிக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

ஐந்து நிமிட ஈரத்தை மட்டும் எல்லோரும் விரும்பினார்கள். இந்த நகரத்தில் எந்தக் கூட்டம் தொடங்கினாலும், இந்த நிலம் பூர்வகுடிகளுடையது என்று ஒருவர் மேடையேறி நினைவுகூர வேண்டும். அதன்பிறகு நிலத்தை வைத்திருப்பவர்கள் நிகழ்ச்சியைத் தொடர்வார்கள். வங்கிக் கிளை, பல்வைத்தியர் மாநாடு, நாய்க் கண்காட்சி என்று இருபது வருடங்களாக எல்லாவற்றையும் டெல்மாதான் தொடக்கிவைத்தார். கைதட்டி, பெயர் பொறித்த கோப்பை ஒன்றைக் கொடுத்து, கம்பளம் காய்வதற்குள் அவரை வாசல்வரை கொண்டுபோய் விடுவார்கள். யூனியன்வில்லில் ஒரு கொண்டோ அடுக்குமாடியின் விற்பனை தொடங்கிய நாளில் அவர் கவிதையை வாசித்து முடித்ததும், விற்பனையாளர்கள் அதை ஆற்றோரக் குடியிருப்பு என்று பெயர் மாற்றி விலையைக் கூட்டினார்கள்.

ஸ்காபரோவில் டெல்மா இருந்த அப்பார்ட்மென்டின் அதே மாடியில் மன்னாரைச் சேர்ந்த எமில்டா இருந்தார். உடுப்புத் தோய்க்கும் அறையில் தொடங்கிய பழக்கம், ஒருவர் வீட்டில் மற்றவர் சாப்பிடுகிற அளவுக்கு வளர்ந்திருந்தது. எமில்டாவின் கணவர் பஸ்ரியன், மன்னார் கடலோர மக்கள் ஒன்றியத்தின் தலைவர். ஆண்டு விழாவுக்கு அரசாங்க உதவி கிடைத்திருந்ததால், தொடக்கத்தில் ஐந்து நிமிடம் பேச டெல்மாவைக் கூப்பிடச் சொன்னார்.

"அவ நாடகம் எழுதுறவ. அஞ்சு நிமிசத்துக்கு ஏன் கூப்பிடுறியள்? நாடகத்தைப் போடுங்கோ," என்றார் எமில்டா.

"ஹோல் முழுக்கத் தண்ணி வந்திடும், எமில்டா."

"எல்லாரையும் பனிச் சப்பாத்தோட வரச்சொல்லுங்கோ. தண்ணிக்குப் பயப்பிடவோ மன்னாரில பிறந்தனாங்கள்?"

பஸ்ரியன் நாடகத்துக்கு நாள் குறித்தார். அவர்களுடைய மகள் ஸ்டெபனி, தாயிடம் தமிழ்ச் சொற்களைக் கேட்டுக் கேட்டு நாடகத்தைத் தமிழாக்கினாள். அது டெல்மாவின் தாய் அக்னெஸின் கதை. பத்து வயதில் அவரையும் ஊர்ப் பிள்ளைகளையும் அதிகாரிகள் படகில் ஏற்றி, வீட்டுக்குத் திரும்ப விடாத ஒரு விடுதிப் பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். தாய்மொழியில் பேசினால் அங்கே அடி விழும். அக்னெஸ் வளர்ந்து டெல்மாவைப் பெற்று, அந்தப் பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் இறந்துபோனார். தாய் சொல்லாததை டெல்மா தானாகவே எழுதியிருந்தார். எழுதியது சரியா என்று கேட்க ஆளில்லாததே அவருடைய பெரிய துக்கம்.

நவம்பர் மாதச் சனிக்கிழமை ஒன்றில், பட்டுச் சேலைக்குக் கீழே பனிச் சப்பாத்துகளுடன் ஒன்றியத்தார் வந்து சேர்ந்தார்கள். இந்த நிலம் பூர்வகுடிகளுடையது என்று பஸ்ரியன் மைக்கில் வாசித்தார். பிரதம விருந்தினரான கவுன்சிலர் வழமைபோலப் பிந்தியதால், முன்வரிசை நடுவில் அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. நாடகம் தொடங்கி முதற்காட்சி முடிவதற்குள் தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. தின்பதற்கு வைத்திருந்த றோல்ஸ் தட்டுகள் மிதக்கத் தொடங்க, பெண்கள் அவற்றைக் கரையொதுக்கினார்கள். அப்போது அவசர வாசல் வழியாக ஒரு சிறிய படகு உள்ளே வந்தது. பழங்காலச் சட்டை போட்ட ஒரு சிறுமி அதிலிருந்து இறங்கி, கவுன்சிலரின் நாற்காலியில் ஏறி இருந்து நாடகத்தைப் பார்த்தாள். மேடை ஓரத்தில் நின்ற டெல்மா அவளைக் கண்டதும் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டார்.

சற்று நேரத்தில் கவுன்சிலர் வந்தார். பஸ்ரியன் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு ஓடிப்போய், சிறுமியை எழுப்பக் குனிந்தார். எமில்டா அவர் கையைப் பிடித்தார்.

"இது அவையளின்ர இடமெண்டு இப்பதானே மைக்கில வாசிச்சனீங்கள்?"

"அது சும்மா வாசிக்கிறது..."

"அவள் அதை உண்மையெண்டு நம்பி வந்திட்டாள். விடுங்கோ."

கவுன்சிலர் கடைசிவரை நின்றுகொண்டே பார்த்தார். காற்சட்டை நனைந்ததைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. தேர்தல் கிட்டத்தில் இருந்தது.

நாடகம் முடிந்ததும் சிறுமி மேடைக்குப் போய், டெல்மாவிடம் அவர்களுடைய மொழியில் நெடுநேரம் பேசினாள். டெல்மா முழந்தாளிட்டுத் தண்ணீருக்குள் இருந்து கேட்டார்.

"என்ன சொல்லுறா?" என்று ஸ்டெபனி கேட்டாள்.

"படகுத்துறையில் யாரும் அழவில்லையாம். இயந்திரப் படகில் போவது அதுதான் முதல் தடவையாம். எல்லோரும் சிரித்துக்கொண்டு ஏறினார்களாம். அழுகை அடுத்த நாள்தானாம். அந்தக் காட்சியைத் திருத்தச் சொல்கிறார், என் அம்மா," என்றார் டெல்மா.

தண்ணீர் வடிந்தபோது படகும் போய்விட்டது; அக்னெஸ் போகவில்லை. எமில்டா அவளைத் துடைத்து, ஸ்டெபனியின் பழைய உடுப்பைப் போட்டுவிட்டார். டெல்மா அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அறுபத்துமூன்று வயது மகளும் பத்து வயதுத் தாயும் மேசையில் அருகருகே இருந்து நாடகத்தைத் திருத்தினார்கள். திருத்திய நாடகத்தை ஒன்றியத்தார் பக்கத்து நகரமான அஜக்ஸிலும் மேடையேற்றினார்கள். நகர மத்தியிலுள்ள அரங்குகள் ஐந்து நிமிடம் கேட்டு எடுத்த அழைப்புகளுக்கு, ஒத்திகை இருக்கிறது என்று டெல்மா பதில் சொன்னார்.

குளிர்காலம் முடிகையில், பள்ளிக்குப் போகாத பிள்ளை ஒன்று அந்த வீட்டில் இருப்பதாக யாரோ அறிவித்ததால் கல்விச் சபை அதிகாரி ஒருவர் வந்தார். பிள்ளையின் பிறந்த ஆண்டைக் கேட்டார். ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்தொன்று என்றார் டெல்மா. அதிகாரி அதைக் கணினியில் பதிந்தார். பதினெட்டு வயதைக் கடந்தவர்களைப் பள்ளிக்கு வரும்படி கட்டாயப்படுத்தச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லி, தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு லிப்டில் இறங்கிப் போனார். கதவு பூட்டப்பட்ட சத்தம் கேட்டபின் அக்னெஸ் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்து, தனக்குப் பசிக்கிறது என்றாள்.