வாரம் மாறும் வீடு

ஞாயிற்றுக்கிழமை மாலையானால் அந்த வீட்டிலிருந்து ஒருவர் இறங்குவார், இன்னொருவர் ஏறுவார். படிக்கட்டில் எதிரெதிரே வந்துவிட்டால் யாராவது ஒருவர் சுவரோரம் ஒதுங்கி வழிவிடுவது வழக்கம். ஒருவர் அம்மா, இன்னொருவர் அப்பா. மாடியில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் மகளுக்கு இது பழகிப்போயிருந்தது. "எங்க வீட்ல அம்மா அப்பாவுக்கு ஷிப்ட்டு" என்று பள்ளியில் பெருமையடித்து வைத்திருந்தாள். அவளை வீட்டில் கூப்பிடுவது வாலு என்று.

விவாகரத்து வழக்கு முடியும்வரை குழந்தையைப் பந்தாட வேண்டாம், அது இருக்கிற வீட்டிலேயே இருக்கட்டும், பெற்றவர்கள் முறைவைத்து வந்து போங்கள் என்று குடும்ப நீதிமன்றத்து ஆலோசகர் சொன்னார். இருவரும் தலையாட்டினார்கள். அதுவே இடைக்கால உத்தரவானது. ஒருவர் முறையில் மற்றவர் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்று ஒரு வரியையும் அதில் சேர்த்தார்கள். வீட்டில் இல்லாத வாரம் தங்கிக்கொள்ளப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறை பிடித்தார்கள். ஆளுக்கொன்று பிடிக்கக் கட்டுப்படியாகவில்லை. அந்த ஒரே அறைக்கும் முறை வந்தது.

சில மாதம்தானே என்று வாலுவின் அம்மா நினைத்தாள். வழக்கு வாய்தா மேல் வாய்தாவாக நீண்டது. அவள் போகும் வாரத்தில் அந்த அறைத் தலையணை கணவன் தலைக்குத் தடவும் எண்ணெயில் மணத்தது. அவன் துவைத்துப் போட்ட பேருந்து ஓட்டுநர் சீருடை கொடியில் விறைத்துக்கொண்டு தொங்கியது. ஒரே கூரையின் கீழ் இருக்க முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, இப்போது இரண்டு கூரையின் கீழும் அவனோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள்.

பல்செட் செய்து கொடுக்கும் லேப் ஒன்றில் அவளுக்கு வேலை. மெழுகில் பல் பதித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் வெளியூரில் இருக்கும் அக்காவிடமிருந்து போன் வந்தது.

"இங்க புதுசா பெரிய லேப் திறக்கறாங்கடி. முழுப் பொறுப்பும் எடுத்துக்க ஆள் தேடறாங்க. உன்னைப் பத்திச் சொல்லிட்டேன். வாலுவக் கூட்டிட்டு வந்துடு, பக்கத்துலயே பள்ளிக்கூடம்."

அவளுக்குச் சிறகு முளைத்த மாதிரி இருந்தது. வேலை முடிந்ததும் நேராகத் தன் வக்கீலம்மாவின் அலுவலகத்துக்குப் போனாள்.

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "கஸ்டடின்னா ரெண்டு இருக்கும்மா. பிள்ளை யார்கூட வளருதுங்கறது ஒண்ணு. படிப்பு, ஆஸ்பத்திரி, ஊர் மாறறது இதையெல்லாம் யார் முடிவு பண்றதுங்கறது இன்னொண்ணு. முதல் விஷயம் உனக்கே கிடைச்சாலும் ரெண்டாவதுல அவர் பங்கு போயிடாது. ஊர் மாறணும்னா அவர் ஒத்துக்கணும். இல்ல, கோர்ட்டு ஒத்துக்கணும்."

"நான் மட்டும் போனா?"

"தாராளமாப் போ. வாலு இங்க இருப்பா."

"அப்ப இந்த ஷிப்ட்டையாவது நிறுத்தச் சொல்லிக் கேக்கலாமா? மூச்சு முட்டுதும்மா."

"வாயத் திறக்காத. யார் முதல்ல முடியலன்னு சொல்றாங்களோ, அவங்களால பிள்ளையப் பாத்துக்க முடியலன்னு எதிர்க்கட்சி வக்கீல் பிடிச்சுக்குவார்."

அவள் வாயை மூடிக்கொண்டாள். அக்காவிடம் கொஞ்சம் பொறு என்றாள்.

அவன் முறை வந்த வாரத்தில் வாலுவுக்குக் காய்ச்சல் கண்டது. பள்ளியிலிருந்து இரண்டு பேருக்கும் சொல்லியிருந்தார்கள். அவள் அடித்துப்பிடித்துக்கொண்டு வருவதற்குள் அவன் வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு மகளை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டான். அவள் கதவைத் தட்டினாள். பாதிக் கதவைத் திறந்து அவன் நின்றான்.

"மாத்திரை குடுத்துட்டேன். தூங்கறா."

வழக்குப் போட்ட நாளிலிருந்து அவனை 'நீ' என்பதா 'நீங்க' என்பதா என்று தெரியாமல் இரண்டையும் விட்டிருந்தாள். "ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன்."

"உள்ள விட்டா உத்தரவ மீறினதா ஆயிடும்னு வக்கீல் சொல்லியிருக்கார். என்னை என்ன பண்ணச் சொல்ற?"

தன் வீட்டு வாசலில், தானே வாங்கிப் போட்ட மிதியடியின் மேல் அந்நியளாக நின்றாள். உள்ளே வாலு இருமுவது கேட்டது. திரும்பிப் போகவும் கால் வரவில்லை. படியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அவனும் கதவைச் சாத்தாமல் வெளியே வந்து மேல்படியில் உட்கார்ந்தான்.

"எனக்கு வெளியூர் ரூட்டு குடுத்தாங்க," என்றான். "வேணாம்னுட்டேன். என் முறையில நான் இல்லன்னா உன் வக்கீல் விடுவாங்களா?"

"ஷிப்ட்ட நிறுத்தச் சொல்லிக் கேக்க வேண்டியதுதானே?"

"முதல்ல வாயத் திறக்கறவன் தோத்தான்னு சொல்றாரே எங்காளு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க வக்கீலம்மாவும் அதையேதான் சொன்னாங்க."

அவனும் சிரித்தான். அவர்கள் சேர்ந்து சிரித்து எவ்வளவோ காலமாகியிருந்தது. அடுத்த வாய்தாவில் இருவரும் ஒன்றாகச் சொல்வதென்று அங்கேயே பேசி முடித்தார்கள். அக்கா சொன்ன வேலையைப் பற்றியும் மறைக்காமல் சொன்னாள். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

வாய்தா நாளில் அவள்தான் முதலில் எழுந்தாள். "இந்த ஏற்பாடு எங்க ரெண்டு பேருக்குமே முடியலீங்க" என்று நீதிபதியிடம் சொன்னாள். வக்கீலம்மா தலையில் கைவைக்காத குறை. நீதிபதி அவன் பக்கம் திரும்பினார்.

அவன் எழுந்து நின்று தரையைப் பார்த்தான். "எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லீங்க" என்றான்.

வராந்தாவில் அவனை மறித்தாள். "என்ன இது? வாயாலதானே பேசினோம்?"

"நீ ஊரை விட்டுப் போறதுக்குக் கேக்கற. நான் தலையாட்டினா வாலுவ எங்க போய்ப் பாப்பேன்? பயந்துட்டேன்." அவன் இடத்தில் இருந்தால் தானும் அதையேதான் சொல்லியிருப்போம் என்று தோன்றியதும் அவளுக்கு ஆத்திரம் இன்னும் கூடியது.

அடுத்த வாய்தாவுக்குக் குழந்தையைக் கூட்டி வரச் சொன்னார்கள். நீதிபதி வாலுவைத் தன் அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே பெஞ்சின் இரு முனைகளில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். யார் பெயரைச் சொல்லப் போகிறாளோ என்று சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு நீதிபதி இருவரையும் உள்ளே கூப்பிட்டார்.

"யார்கூட இருக்கணும்னு நான் கேக்கவே இல்ல. அவளா ஒரு யோசனை சொன்னா. அந்த ரூமுக்கு நான் போய் இருந்துக்கறேன், அப்பாவும் அம்மாவும் வீட்லயே இருக்கட்டும், அவங்களுக்குத்தான் ரொம்ப அலைச்சல்னு."

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டான். அவள் சுவரைப் பார்த்தபடியே நின்றாள்.

இதற்கு மேல் இழுக்க இருவருக்கும் தெம்பில்லை. அவனே தன் வக்கீலின் பேச்சைத் தள்ளிவிட்டு, "அவகிட்டயே இருக்கட்டும். ஊரை விட்டு மட்டும் கூட்டிட்டுப் போக வேணாம்" என்றான். தீர்ப்பும் அப்படியே வந்தது. வாலு தாயோடு அதே வீட்டில். வார இறுதியில் தகப்பனிடம். பெரிய முடிவெல்லாம் இருவரும் சேர்ந்து. நீதிமன்ற அனுமதி இல்லாமல் குழந்தை ஊர் மாறக் கூடாது.

"ஜெயிச்சுட்டோம்மா" என்று வக்கீலம்மா கையைக் குலுக்கினார்.

பள்ளி விட்டு வந்த வாலுவுக்குப் பின்னலை அவிழ்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். வாலு திரும்பி அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"இனிமே நீ எங்கயும் போக மாட்டியா?"

"மாட்டேன்."

"நான் பெரியவளாகுற வரைக்கும்?"

"அது வரைக்கும்."

"சத்தியமா?"

ரிப்பனை உருவிய அவள் கை, அக்கா சொன்ன வேலையை நினைத்து ஒரு கணம் நின்றது. "சத்தியமா" என்றாள்.

வாலுவுக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது. பாதி அவிழ்ந்த பின்னலோடு விளையாட ஓடிவிட்டாள். அம்மா ரிப்பனைக் கையில் வைத்துக்கொண்டு, யாரும் பூட்டாத கதவைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றிருந்தாள்.