பாரம் கம்மியாக ஒரு சொல்

ஆம்பூர் நெருங்கும்போது ரயிலில் இருக்கிறவர்கள் ஜன்னலை இறக்கிவிட்டு முந்தானையாலும் மேல்துண்டாலும் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அதைப் பார்த்தால் சவுரியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "உன் கால்ல கிடக்குற செருப்பு செடியிலயா காய்ச்சுது?" என்று பிளாட்பாரத்தில் நின்றபடியே கேட்டுவிடுவாள். கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பாள். தோல் பதனிடும் ஷாப்பில் ஆவாரம்பட்டை இடித்து வளர்ந்தவள், தோல் ஷாப்பிலேயே சின்னப்பனைக் கட்டிக்கொண்டவள். அந்தத் தோல் வாடை இல்லாத இடத்தில் அவளுக்குச் சோறு இறங்காது.

சின்னப்பன் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தான். எருமைத் தோல் சுண்ணாம்பில் ஊறிவிட்டால் லேசில் அசையாது. குழியைச் சுற்றி நாலைந்து பேர் நின்று கொக்கி போட்டு ஒரே மூச்சில் இழுக்கவேண்டும். மற்றக் குழிக்காரர்கள் ஐலசா போடுவார்கள். சின்னப்பன் மட்டும், எதிரே உலக்கை போட்டுக்கொண்டிருக்கும் பெண்டாட்டியைப் பார்த்து, "தூக்கு சவுரி!" என்று கத்துவான். ஷாப்பே சிரிக்கும். அவள் உலக்கையை ஓங்கிக் காட்டுவாள். "மானத்த வாங்காதய்யா" என்று வீட்டுக்கு வந்து சண்டை பிடித்தால், "உன் பேரச் சொன்னா பாரம் கம்மியாவுதுடி. நான் இன்னா செய்யட்டும்?" என்பான். அவளும் சிரித்துவிடுவாள்.

விக்டோரியா மகாராணி காலம் அது. பட்டாளத்துக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து மதராஸுக்குக் கப்பல் கப்பலாகக் குதிரை வரும். அந்தக் கப்பலில் சேணம் தைக்க ஆள் வேண்டும் என்று ஒரு ஏஜெண்டு ஆம்பூர்வரை தேடி வந்தான். தோல் தைக்கிற கை சின்னப்பனுக்கு நன்றாகவே வரும். ஊர் பார்க்கிற ஆசை அதைவிட ஜாஸ்தி. "ஒரே ஒரு நடை சவுரி. காலிக் கப்பல்ல போறேன், குதிரையோட வர்றேன்" என்று போனான். குதிரைகள் வந்தன. அவன் வரவில்லை. மெல்போர்ன் துறைமுகத்தில் காய்ச்சலாய்ப் படுத்துவிட்டான், கப்பல் நிற்கமுடியாமல் கிளம்பிவிட்டது என்று ஏஜெண்டு சொன்னான். அவ்வளவுதான் சேதி. அப்புறம் வருஷங்கள் ஓடின.

ஊர் வாய் சும்மா இருக்குமா? அடுத்த வீட்டு ராஜம்மாள் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டே ஆரம்பிப்பாள். "அங்க எவளாச்சும் வெள்ளைக்காரி வளைச்சிப் போட்டிருப்பா. உன்ன எப்பவோ மறந்துட்டான். நீ இன்னும் தாலியக் கழுவிக் கழுவிக் கட்டிக்கினு இரு." சவுரியம்மாள் பதிலுக்கு நாலு வார்த்தை கொடுத்துவிடுவாள். ஆனால் படுத்தால் அந்தப் பேச்சுதான் வந்து நெஞ்சில் உட்காரும். செத்தான் என்றால் அழுதுவிடலாம். இருக்கிறான் என்றால் போய்ச் சட்டையைப் பிடிக்கலாம். மறந்துவிட்டான் என்றால் என்ன செய்வது? அது ஒன்று தெரியவேண்டும் அவளுக்கு, வேறு எதுவும் வேண்டாம்.

இந்த நிலையில்தான் ஜோலார்பேட்டை ரயில் துரையின் மனைவிக்கு ஒரு ஆயா தேவைப்பட்டாள். துரைசாணிக்கு மெல்போர்னில் அக்கா இருந்தாள். கைக்குழந்தையோடு போய்த் தங்கிவிட்டு வரவேண்டும். திருப்பத்தூரிலிருந்து வாலாஜாபேட்டைவரை கேட்டும், கடல் தாண்டவேண்டும் என்றதும் எவளும் வாய் திறக்கவில்லை. ஊர்ப்பெயர் காதில் விழுந்த அன்றே சவுரியம்மாள் உலக்கையைப் போட்டுவிட்டு ஓடினாள். "குழந்தை வளர்த்திருக்கியா?" என்று துரைசாணி கேட்டாள். "ஊருல பாதிக் குழந்தைய நான்தாம்மா தூக்கினேன்" என்று கூசாமல் புளுகினாள். அவளுக்குக் குழந்தையே இல்லை. ஆனால் கப்பலில் மற்றவர்கள் வாந்தி எடுத்துக் கிடந்தபோது, துரைசாணி உட்பட, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள் ஒருத்திதான்.

கப்பல் மெல்போர்ன் கரையைப் பிடித்தபோது சவுரியம்மாள் திறந்த வாயை மூடவில்லை. அம்மாடி! எத்தனை கப்பல்! பாய்மரங்கள் மூங்கில் தோப்பாக நின்றன. மரத்தால் ஒரு தெருவையே கடலுக்குள் நீட்டிப் போட்டு, அதன்மேல் ரயிலை ஓட்டியிருந்தார்கள். ஊருக்குள் போனால் இன்னும் அதிசயம். இழுக்கக் குதிரையும் இல்லாமல், புகையும் இல்லாமல், ஒரு வண்டி நிறைய ஜனங்களை ஏற்றிக்கொண்டு தன்பாட்டுக்குப் போயிற்று. ரோட்டுக்கு அடியில் இரும்புக் கயிறு ஓடுகிறதாம், அது இழுக்கிறதாம். சவுரியம்மாள் ரோட்டில் காதை வைத்தே கேட்டுப் பார்த்தாள். உள்ளே ஏதோ உறுமிக்கொண்டு ஓடத்தான் செய்தது. சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஆற்றில் அன்னப்பறவைகள் கன்னங்கரேலென்று நீந்தின. கிறிஸ்துமஸ் மாதத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. கிழக்கே உதித்த சூரியன் உச்சிக்குப் போகையில் தெற்கே சாயாமல் வடக்கே சாய்ந்தது. மார்கழியில் ஆம்பூரில் எந்தப் பக்கம் நிழல் விழுமோ, அதற்கு நேர்மாறாக இங்கே விழுந்தது. "சூரியனையே திருப்பி வச்சிருக்காங்களே, ஆண்டவரே!" என்று தன் நிழலைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

எல்லாவற்றையும்விட அவளை அசர வைத்தது வேறு. மூட்டை தூக்குகிறவன் வெள்ளைக்காரன். தெருக் கூட்டுகிறவன் வெள்ளைக்காரன். சாக்கடை வாருகிறவனும் வெள்ளைக்காரன்! ஜோலார்பேட்டையில் தொப்பி போட்டவன் எவனும் தன் குடையைத் தானே பிடித்து அவள் பார்த்ததில்லை. இங்கே சாக்கடை வாரியவன் கையை உதறிவிட்டு, கோட்டு போட்ட ஒருவனோடு சரிசமமாக நின்று சிரித்துப் பேசினான். கோட்டுக்காரன் ஒரு அடிகூடத் தள்ளி நிற்கவில்லை. சவுரியம்மாள் நெடுநேரம் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊர் பார்த்து வாய் பிளந்ததெல்லாம் சரி, வந்த வேலை நடக்கவில்லை. துரைசாணி நல்லவள், துறைமுக ஆபீசிலும் ஆஸ்பத்திரியிலும் ஆள் விட்டு விசாரித்தாள். சின்னப்பன் என்ற பெயரை எவனாலும் வாயில் பிடிக்கவே முடியவில்லை. "பத்து வேலூரைச் சேர்த்து வைத்தாலும் இந்த ஊருக்குக் காணாது ஆயா. எங்கே என்று தேடுவாய்?" என்றாள் துரைசாணி. ஆயாவாம்! அந்தப் பேரைக் கேட்டாலே கிழவியாகிவிட்ட மாதிரி இருந்தது சவுரியம்மாளுக்கு. திரும்பிப் போகும் கப்பலுக்கு நாள் குறித்தாகிவிட்டது.

அப்போது ஒரு சனிக்கிழமை காலை காற்று திரும்பியது. அதுவரை கடலிலிருந்து வீசியது, அன்று வடக்கேயிருந்து அனலாக வீசியது. வீட்டில் எல்லோரும் சடசடவென்று ஜன்னல்களைச் சாத்தினார்கள். துரைசாணியின் அக்கா கைக்குட்டையில் சென்ட்டைக் கொட்டி மூக்கில் வைத்துக்கொண்டாள். சவுரியம்மாள் சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடி, கண்ணை மூடி, மார்பு விம்ம மூச்சை இழுத்தாள். சுண்ணாம்பு. ஊறின தோல். பட்டைத் தண்ணீர். அவளுக்குக் கண்ணில் நீர் கொட்டியது. ஆம்பூர்க்காரன் இந்த ஊரில் மாட்டிக்கொண்டால் வேறு எங்கே போவான்? இந்த வாடையைப் பிடித்துக்கொண்டுதான் போவான். இத்தனை நாள் இது தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"அம்மா, ஒரு மத்தியானம் லீவு குடுங்க" என்றாள். முகத்தைப் பார்த்த துரைசாணி ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

காற்றுக்கு எதிராக நடந்தாள். வழி யாரையும் கேட்கவில்லை. கேட்கத்தான் பாஷை ஏது? புடவைக்காரியைப் பார்த்து வண்டிகள் நின்றன. வாடை கம்மியானால் திரும்பி அடுத்த தெருவில் புகுந்தாள், ஜாஸ்தியானால் வேகம் கூட்டினாள். ஆற்றோரமாக வீடுகள் குறைந்து கொட்டகைகள் வந்தன. ஒரு பெரிய கேட்டுக்குள் மரப்பட்டை மலையாகக் குவிந்திருந்தது. ஆவாரம்பட்டை இல்லை, வேறு ஏதோ மரம். ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். அதே துவர்ப்பு நாக்கை இழுத்துப் பிடித்தது.

உள்ளே எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சுண்ணாம்புக் குழிகள் வரிசையாக இருந்தன. அதைச் சுற்றித் தோல் ஏப்ரன் கட்டிய வெள்ளைக்காரர்கள். முழங்கைவரை கறை. சுண்ணாம்பு தின்று வெடித்த நகங்கள். சின்னப்பனின் கைகளை வெள்ளைக்காரர்களுக்கு மாட்டிவிட்டது போல இருந்தது. ஊரில் எந்தக் கையைப் பார்த்து கள்ளுக்கடைக்காரன் தனிக் குவளையை நீட்டினானோ அதே கைகள். இங்கே அந்தக் கையால் அவர்கள் ரொட்டி தின்று, ஒரே கேத்தலிலிருந்து ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அவள் தேடி வந்த கறுத்த முகம் மட்டும் எங்கும் இல்லை.

அவ்வளவுதான், வாடை ஏமாற்றிவிட்டது என்று திரும்பினாள். பின்னால் கொக்கி மாட்டுகிற சத்தம் கேட்டது. ஆறு பேர் ஒன்றாக மூச்சிழுத்தார்கள்.

"டூக்... சாவ்ரி!"

என்னவோ வெள்ளைக்காரப் பாஷை என்று ஒரு அடி வைத்தாள்.

"டூக்கு... சாவ்ரி!"

கால் நின்றது. திரும்பினாள். மூன்றாம் முறை, சிவந்த முகங்கள் இன்னும் சிவக்க, கழுத்து நரம்பு புடைக்க, ஆறு பேரும் சேர்ந்து கத்தினார்கள்: "டூக்கு சவ்ரி!" மாட்டுத் தோல் குழியிலிருந்து எழும்பி வெளியே வந்து விழுந்தது. ஏழு கடல் தாண்டிய இந்த ஊரில், பெயர் தெரியாத வெள்ளைக்காரர்கள், அவளுடைய பெயரைச் சொல்லிப் பாரம் தூக்குகிறார்கள்!

"அது எங்க?" என்று அலறிக்கொண்டு ஓடினாள். "சின்னப்பன்! மை மேன்! சின்னப்பன்!"

நரைத்த மீசையோடு மேஸ்திரி போல ஒருவர் முன்னால் வந்தார். அவள் கழுத்துத் தாலியைத் தூக்கிக் காட்டியதும் அவர் முகம் மாறியது. அவருக்கு ஒரு பாஷை, அவளுக்கு ஒரு பாஷை. கையாலும் கண்ணாலும்தான் பேசிக்கொண்டார்கள். நெஞ்சைப் பிடித்து இருமிக் காட்டினார். துறைமுகம் இருக்கும் பக்கம் கை நீட்டினார், குதிரை மாதிரி தலையை ஆட்டினார், பிறகு இரண்டு கையாலும் தள்ளிவிடுகிற மாதிரி செய்தார். புரிந்தது. குதிரைக் கப்பல் வந்தபோதெல்லாம் அவன் போய் நின்றிருக்கிறான். இருமல் கேட்டு எவனும் ஏற்றவில்லை. கடைசியில் அவர் தொப்பியைக் கழற்றி, "டெட்" என்றார். அந்தச் சொல் அவளுக்குத் தெரியும். துரைசாணி தன் மூத்த குழந்தை போனதைச் சொல்லி அழும்போதெல்லாம் அவள் வாயில் வரும் சொல் அது.

பட்டைக் குவியலில் சாய்ந்து உட்கார்ந்து, ஓவென்று வாய்விட்டு அழுதாள். வாரிக் கொடுத்துவிட்டாளே பாவி, ஒரு நடை என்று சொன்னவனை! கூட்டம் சுற்றி நின்றது. எவனோ கேத்தலிலிருந்து டீ ஊற்றி, தான் குடித்த டம்ளரிலேயே கொடுத்தான்.

அழுகை ஓய்ந்ததும் மேஸ்திரி தயங்கித் தயங்கிக் கேட்டார். "வாட் இஸ் சவ்ரி?" பாரம் தூக்குவது போலக் கையைக் காட்டி, உதட்டைப் பிதுக்கினார். இத்தனை வருஷம் கேட்டும் சின்னப்பன் சிரித்தானே ஒழியச் சொல்லவேயில்லை போலிருக்கிறது. இவர்களும் அதைப் பாரம் தூக்குகிற மந்திரம் என்று வைத்துக்கொண்டார்கள்.

சவுரியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் நெஞ்சில் கை வைத்தாள்.

"நான். மீ. சவுரி, மீ."

ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள்.

சுண்ணாம்பில் தோல் அதிக நேரம் கிடக்கக் கூடாது. துக்கம் என்றாலும் வேலை வேலைதான். மேஸ்திரி கண்ணைக் காட்ட, அவர்கள் அடுத்த தோலுக்குக் கொக்கி போட்டார்கள். ஆனால் எவனும் வாயைத் திறக்கவில்லை. அவள் முன்னால் கத்தக் கூச்சம். சத்தமில்லாமல் ஆளுக்கொரு நேரமாக இழுத்தார்கள்; பாதி எழும்பிய தோல் சரிந்து, சுண்ணாம்புத் தண்ணீரை எல்லோர்மேலும் அடித்துவிட்டுக் குழிக்குள்ளேயே விழுந்தது.

சவுரியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னாடா, வாயில கொழுக்கட்டையா? அது கத்துக் குடுத்தத கத்துங்கடா!" என்று எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள், சுவரோரம் கிடந்த கொக்கியை எடுத்தாள், இரண்டு வெள்ளைக்காரர்களை நகர்த்திவிட்டு நடுவில் நின்றாள். ராஜம்மா, இங்க வந்து சொல்லுடி மறந்துட்டான்னு! தொண்டை கிழியக் கத்தினாள்.

"தூக்கு சவுரி!"

"டூக்கு சவ்ரி!" என்று அத்தனை பேரும் கத்தினார்கள்.

தோல் தண்ணீரைச் சொட்டிக்கொண்டு மேலே வந்தது. அவன் சொன்னது சரிதான். பாரம் கம்மியாகத்தான் இருந்தது.